தோன் அனிசெத்தோவுக்குத் தெரியாத தெரு

எங்கள் சுக்ரே நகரத்தின் சதுக்கத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் முதலில் கதீட்ரலை அண்ணாந்து பார்ப்பார்கள். அடுத்து தோன் அனிசெத்தோவிடம் வழி கேட்பார்கள். அதற்கப்புறம் அவர்கள் என்னவெல்லாம் பார்த்தார்கள் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

சதுக்கத்தின் கீழ்மூலையில் அவருக்கு ஒரு பெட்டிக்கடை. பத்திரிகை, மிட்டாய், சிகரெட், நீதிமன்றத்துக்குப் போகிற வக்கீல்களுக்கு முத்திரைத்தாள். அதை ஒட்டி என்னுடைய ஆரஞ்சுச் சாறு வண்டி. வெயிலோ மழையோ, கையில்லாத பழுப்புக் கம்பளிச் சட்டையும் தொப்பியுமாக அவர் அங்கே உட்கார்ந்திருப்பார். முப்பத்தொரு வருடமாக அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே பழம் பிழிகிறேன். என் பழத்தில் புளிப்பு ஏறினால் அதற்கு அவர்தான் காரணம் என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லுவேன்.

அவருடைய ஒரே மகள் நொயேலியாவுக்கு நான் ஞானத்தாய். அந்த உறவில் அவர் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொமாத்ரே. கூடப்பிறந்தவர்களைத் திட்டிவிட்டு ஒரு மாதம் பேசாமல் இருந்துவிடலாம். இந்த உறவில் திட்டவும் வேண்டும், மறுநாள் காலையில் போய் நலம் விசாரிக்கவும் வேண்டும். நான் இரண்டிலும் குறை வைத்ததில்லை.

மனிதர் தங்கம். கடன் கேட்டால் கொடுப்பார், பெட்டி தூக்கச் சொன்னால் தூக்குவார், செத்த வீட்டில் முதல் ஆளாய் நிற்பார். அவரிடம் இருந்த ஒரே கோளாறு, "தெரியாது" என்ற சொல் அவர் வாயில் வராது.

எங்கள் மலைப்பக்கத்தில் இது ஓரளவு எல்லோருக்கும் உள்ளதுதான், நான் ஒன்றும் மறைக்கவில்லை. ஒருத்தர் நம்மை நம்பி வந்து கேட்கிறார். அவரை வெறுங்கையோடு அனுப்புவது வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காத மாதிரி. அதனால் ஏதாவது சொல்லி வைப்போம். "இதோ, இங்கேதான்" என்போம். அந்த இங்கே அடுத்த தெருவாகவும் இருக்கலாம், அடுத்த மலையாகவும் இருக்கலாம். ஆனால் எங்களுக்கெல்லாம் ஒரு அளவு உண்டு. கையை மேலாக ஒரு வீசு வீசிவிட்டு, அடுத்த ஆளுக்காவது தெரிந்திருக்கட்டும் என்று விட்டுவிடுவோம். தோன் அனிசெத்தோ அப்படி இல்லை. கடையை விட்டு இறங்குவார். தொப்பியைச் சரி செய்வார். வந்தவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மூலை வரைக்கும் நடந்து, எத்தனை திருப்பம், எந்த நிறக் கதவு, அங்கே எப்படிப்பட்ட நாய் படுத்திருக்கும் என்பது வரைக்கும் சொல்லுவார். அவர் சொல்வது சுத்தப் பொய் என்று தெரிந்த நானே பல தடவை நம்பியிருக்கிறேன்.

ஒரு ஜெர்மன்காரத் தம்பதி நெசவு அருங்காட்சியகம் எங்கே என்று கேட்டார்கள். அவர் கல்லறைத் தோட்டத்துக்கு அனுப்பினார். எங்கள் கல்லறைத் தோட்டம் அழகானது, உயரமான மரங்களும் நிழலுமாக இருக்கும். அவர்கள் சாயங்காலம் திரும்பி வந்து, இப்படி ஒரு இடத்தைக் காட்டினதற்கு நன்றி என்று ஒரு சாக்லேட் கட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"பார்த்தீங்களா கொமாத்ரே?" என்று கட்டியை எனக்கு முன்னால் ஆட்டினார்.

"பார்த்தேன். போன வாரம் ஒரூரோவிலேர்ந்து வந்த அந்தப் பாதிரியாரையும் பார்த்தேன். மடத்துக்கு வழி கேட்டவரை ராணுவ முகாமுக்கு அனுப்பி வச்சீங்களே."

"அங்க அவருக்கு மத்தியானச் சாப்பாடு போட்டாங்க. மடத்துல போட்டிருப்பாங்களா?"

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க நாக்கு அழுகிடுமா கொம்பாத்ரே?"

"ஒருத்தன் மூச்சு வாங்க மலையேறி வந்து நிக்கறான். தெரியாதுன்னு சொன்னா அவன் மூஞ்சி எப்படிச் சுருங்கும்னு நீங்க பார்த்ததில்லை."

"அதைப் பார்த்ததில்லைதான். உங்ககிட்ட வழி கேட்டுட்டு மூணு மணி நேரம் கழிச்சு வர்ற மூஞ்சியை நெறையப் பார்த்திருக்கேன்."

அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். பதினொரு மணிக்கு நீதிமன்றமே காலியாகி, உள்ளே இறைச்சிக் குழம்பு அடைத்த சால்தேன்யாவைச் சட்டையில் வழியவிடாமல் தின்ன வக்கீல்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்களும் இந்தக் கதைகளைக் கேட்டுச் சிரிப்பார்கள். யாரையோ எங்கேயோ அனுப்பினால் எங்களுக்கென்ன என்றுதான் இருந்தோம்.

இப்படி இருக்கையில் நொயேலியாவுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது.

அவள் எங்கள் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்தாள். கூடப் படித்தவன் ரூடி. சாந்தா குரூஸ்காரன், சமவெளிப் பிள்ளை. பார்த்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி "வணக்கம்" சொல்லுவான். ஆறு வருடம் இங்கேயே இருந்து, இந்த ஊரும் பிடித்துப்போய், நொயேலியாவையும் பிடித்துப்போய், இங்கேயே ஒரு மருத்துவமனை போடுவதென்று முடிவு செய்துவிட்டான். அங்கேதான் சிக்கல். அவனும் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவன் அம்மா தோன்யா மிர்தாவுக்கு மலைக்காரர்கள் என்றாலே ஆகாது. சமவெளியில் எங்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. நாங்கள் முகத்துக்கு முன்னால் ஆமாம் என்போமாம், முதுகுக்குப் பின்னால் வேறு செய்வோமாம். நாங்களும் சும்மா இருக்கிறவர்கள் இல்லை. அவர்கள் முதலில் கத்திவிட்டு அப்புறம்தான் யோசிப்பார்கள் என்று சொல்லுவோம்.

"நேர்ல வந்து பாக்கறேன். மனசுக்குப் பிடிச்சா பொண்ணு கேப்போம். பிடிக்கலைன்னா நீ என்கூட திங்கக்கிழமை விமானத்துல ஊருக்கு வந்துடணும்" என்று அந்த அம்மாள் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். ரூடி அதை அப்படியே நொயேலியாவிடம் சொன்னான். அவள் அதை என்னிடம் சொல்லி அழுதாள்.

"அம்மா பேச்சை மீறி வருவியான்னு அவன்கிட்ட கேட்டேன் ஞானம்மா. பதிலே சொல்லலை."

"பதில் சொல்லாம இருக்கறதே நல்ல குணம்தாண்டி. உங்கப்பனைப் பாரு, எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கார்" என்று தேற்றினேன். அவள் சிரிக்கவில்லை.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் பெண் வீட்டு வாசலுக்கு வந்து, பூவும் பானமும் வைத்து, வாய்விட்டுக் கேட்க வேண்டும். சனிக்கிழமை நாலு மணி என்று பேசினார்கள். நொயேலியா விலாசத்தைத் தன் கையாலேயே ஒரு அட்டையில் முத்து முத்தாக எழுதி ரூடியிடம் கொடுத்தாள்.

இங்கே அவர்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சதுக்கத்திலிருந்து கீழே மூன்று தெரு இறங்கினால் வருகிற சரிவு அது. அந்தக் காலத்தில் சுண்ணாம்பு மூட்டை சுமந்த கழுதைகள் அந்த வழியாக இறங்கினதால் அதற்குக் கழுதை இறக்கம் என்று பெயர். தபால்காரருக்கும் அதுதான், பாதிரியாருக்கும் அதுதான். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு யாரோ ஒரு பழைய மனிதரின் பெயரை வைத்து, மூலைச் சுவரில் ஒரு தகடு அடித்தார்கள். அந்த மூலைச் சுவர் தோன் அனிசெத்தோ வீட்டுச் சுவர். இங்கே வருடாவருடம் மே மாதத் திருவிழாவுக்கு முன்னால் எல்லா வீட்டுக்கும் வெள்ளையடித்தாக வேண்டும். அந்த வருடம் மே மாதம் அவர் ஏணி போட்டு ஏறி, சுவரோடு சேர்த்துத் தகட்டுக்கும் இரண்டு பூச்சு வெள்ளை அடித்துவிட்டார். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர் படிக்கவே இல்லை. மின்சாரக் கட்டணமெல்லாம் அவர் மனைவி செனோபியா பார்த்துக்கொள்வாள். அவருக்கு வருகிற கடிதம் கடைக்குத்தான் வரும். அந்தப் பெயர் அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. எனக்கும்தான்.

நொயேலியாவுக்கு மட்டும் கல்லூரிச் சான்றிதழில் அந்தப் பெயர் இருந்தது. பல் மருத்துவரான பெண் கழுதை இறக்கத்தில் குடியிருக்கிறேன் என்று எழுதுவாளா? எழுதவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி. தோன் அனிசெத்தோ தன் கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டை மடித்துக் கடைக்குள் வைத்துக்கொண்டு, மூன்று மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தார். ரூடி வாடகைக் காரில் பெற்றவர்களை அழைத்துக்கொண்டு நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. நான் ஒரு மாணவனுக்குப் பழம் பிழிந்துகொண்டிருந்தேன். அப்போது ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டையும் ஓலைத் தொப்பியுமாகப் பெரிய உடம்பு. அந்த அம்மாள் பச்சைப் பட்டு உடுப்பு, குதி உயர்ந்த செருப்பு, ஒரு கையில் விசிறி, ஒரு கையில் அட்டைப் பெட்டி. சமவெளிக்காரர்கள் என்று தூரத்திலேயே தெரிந்தது. சனிக்கிழமை வந்தால் சதுக்கத்தில் பாதிப் பேர் அவர்கள்தான், அதனால் பெரிதாக எண்ணவில்லை.

"ஐயா, இந்த தொக்தோர் எவாரிஸ்தோ மெந்தியெத்தா தெரு எங்க இருக்கு?" என்றார் அந்தப் பெரியவர், கையிலிருந்த அட்டையைப் பார்த்து.

தோன் அனிசெத்தோ பழைய சிநேகிதர் பெயரைக் கேட்டது போலக் கண்ணை மூடித் திறந்தார்.

"தொக்தோர் மெந்தியெத்தாவா! நல்ல மனுஷன். தெருவும் நல்ல தெரு. இதோ, இங்கேதான்."

"எவ்வளவு தூரம்?"

"நாலே தெரு. மேல ரெக்கொலெத்தா மடம் இருக்கில்ல, அதுக்குப் பின்பக்கம்."

"மேலன்னா ஏத்தமா?" என்றாள் அந்த அம்மாள். சதுக்கத்தைச் சுற்றினதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஏத்தம்னு சொல்ல முடியாதுங்கம்மா. தரை கொஞ்சம் நிமிர்ந்திருக்கும், அவ்வளவுதான்."

பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, முழங்கையைப் பிடித்து, மூலை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"அந்தத் தெரு நிஜமா எங்க இருக்கு?" என்றேன்.

"மேல எங்கயாவது இருக்கும். புதுப் பேரெல்லாம் மேலதானே வைக்கறாங்க."

நான் பிழிந்த பழம் கையிலிருந்து நழுவுகிற அளவுக்குச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருந்தது. ஏனென்றால் அவர்கள்தான் ரூடியைப் பெற்றவர்கள். அவர்கள் தேடிய வீடு எங்களுக்குக் கீழே மூன்றாவது தெருவில், அவரே வெள்ளையடித்த மூலையில் இருந்தது.

நாலு மணிக்கு வீட்டில் எல்லோரும் தயார். செனோபியா வெள்ளை மேசைவிரிப்பு போட்டு, பொரித்த மாவு ரொட்டியை மலைபோல் குவித்து, மேலே தேன்பாகு ஊற்றி வைத்திருந்தாள். நொயேலியா பத்துத் தடவை கண்ணாடி பார்த்துவிட்டாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. ரூடி மட்டும் ஒரு கேக்கோடு நின்றான்.

"அப்பா கார் வேணாம்னுட்டார். அஞ்சு தெருவுக்கு எதுக்குக் கார், ஊரைப் பாத்துக்கிட்டே கேட்டுக் கேட்டு வந்துடறோம்னார். இன்னும் வரலையா?"

ரூடியைப் பெற்றவர்கள் கைபேசி வைத்துக்கொள்வதில்லை. நாலரை ஆனது. ஐந்து ஆனது. தேநீர் இரண்டு தடவை சூடாக்கப்பட்டு மூன்றாம் தடவை ஆறியது. ரூடி விடுதிக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டார்களாம்.

"அம்மா திரும்பிப் போயிட்டாங்களோ என்னமோ" என்று நாற்காலியில் உட்கார்ந்தான். "காலையிலேர்ந்தே முகம் சரியில்லை."

"விலாசம் தப்பா இருக்குமோ?" என்றாள் செனோபியா. "என்னன்னுடி எழுதிக் கொடுத்த?"

"சரியாத்தாம்மா எழுதினேன். தொக்தோர் எவாரிஸ்தோ மெந்தியெத்தா தெரு, முப்பத்தாறாம் நம்பர்."

மத்தியானம் கடையில் கேட்ட அதே பெயர். நான் தோன் அனிசெத்தோவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் முகம் அவர் வீட்டுச் சுவர் நிறத்துக்கு வந்துவிட்டது. சொல்லுங்கள் என்று கண்ணால் காட்டினேன். வேண்டாம் என்று அவர் கண்ணால் கெஞ்சினார். சொன்னால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவருக்குப் பயம். சொல்லாவிட்டால் அந்த இரண்டு பேரைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. நான் வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தபோது ரூடி அவர் பக்கம் திரும்பினான்.

"இந்த ஊரே உங்களுக்கு அத்துப்படி. அவங்க எங்க போயிருப்பாங்கன்னு உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

"தெரியாது" என்றார் தோன் அனிசெத்தோ.

செனோபியா கையிலிருந்த கெண்டியை மேசையில் வைத்தாள். இருபத்தெட்டு வருடம் அவரோடு குடித்தனம் நடத்தியவள் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டாள். நொயேலியா மெதுவாக எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அவங்களை எங்க அனுப்பினீங்க?"

"யாரும்மா, நான் எங்க..."

"நிஜமாத் தெரியாததுக்கு நீங்க என்னிக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கீங்க? எங்க அனுப்பினீங்கப்பா?"

"ரெக்கொலெத்தாவுக்கு" என்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "மடத்துக்குப் பின்னாடின்னு சொன்னேன். எனக்குத் தெரியாதும்மா. நம்ம தெருவுக்கு அப்படி ஒரு பேர் இருக்குன்னு சத்தியமாத் தெரியாது."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்றதுக்கென்ன?" என்று கத்தினாள். "ஊரையெல்லாம் வழி தவற விட்டீங்க. சின்னதுலேர்ந்து நானும் சேர்ந்து சிரிச்சேன். இன்னிக்கு என் வாழ்க்கையைக் கொண்டுபோய் மலை மேல விட்டுட்டு வந்திருக்கீங்களேப்பா."

நானும் சிரித்தவள்தானே. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தொப்பிகூட எடுக்காமல் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். கறுப்புக் கோட்டு பின்னால் பறக்க, அறுபது வயசு மனிதர் கழுதை இறக்கத்தில் மேல்நோக்கி ஓடுவதைத் தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. ரூடியும் நொயேலியாவும் பின்னால். செனோபியா மட்டும் நிதானமாக மாவு ரொட்டியை ஒரு துணியில் மூட்டை கட்டினாள்.

"சண்டை போடறதா இருந்தாலும் அந்தம்மா பசியோட போட வேணாம்" என்றாள். அவள் அப்படிப்பட்டவள்.

ரெக்கொலெத்தாவுக்குப் போகிற வழி ஏற்றம் இல்லை என்று சொல்பவரை நான் நீதிமன்றத்தில் நிறுத்துவேன். கடைசித் தெருவில் எனக்கே முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. மேலே மடத்துக்கு முன்னால் இருக்கிற கல் வளைவுகளுக்கு அடியில், ஊரெல்லாம் தெரிகிற இடத்தில் ஒரு கல் பெஞ்சு இருக்கிறது. அங்கே தோன்யா மிர்தா செருப்பைக் கழற்றிப்போட்டு, காலைக் கணவரின் தொப்பி மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு செருப்புக்குக் குதி இல்லை. யாரோ ஒருத்தி மலை மூச்சுத்திணறலுக்குக் கைமருந்தாகக் கோக்கா இலை போட்ட வெந்நீர் கொடுத்திருந்தாள். கணவர் தோன் எர்லான் பக்கத்தில் நின்று அட்டைப் பெட்டியின் மூடியால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"அம்மா!" என்று ரூடி ஓடினான்.

"வாடா. உன் ஊரைப் பாத்தாச்சு. நல்லா பாத்தாச்சு. ஏழு பேர்கிட்ட கேட்டோம்டா. ஏழு பேரும் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக் கை காட்டினாங்க. ஒருத்தி மேலன்னா, ஒருத்தன் கீழன்னான், ஒரு சாமியார் ரெண்டு கையாலயும் ரெண்டு பக்கமும் காட்டினார். இந்த ஊர்ல ஒருத்தருக்காவது தெரியாதுன்னு சொல்லத் தெரியுமாடா?" அதற்குள் அவள் கண் தோன் அனிசெத்தோ மேல் விழுந்தது. "ஏங்க, இந்த ஆள்தான்! என் பெட்டியைத் தூக்கிட்டு வந்து மொதல்ல அனுப்பி வச்ச ஆள் இவர்தான்!"

ரூடி அவள் பக்கத்தில் குனிந்தான். "அம்மா, இவர்தான் நொயேலியாவோட அப்பா."

தோன்யா மிர்தா விசிறியை மடக்கினாள்.

"ரொம்ப சரி. பொண்ணோட அப்பனே பொண்ணு வீட்டுக்கு வழி விடலைன்னா அதுக்கு மேல எனக்கு என்ன சகுனம் வேணும்? திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு, நாளைக்கே விமானம் இருக்கான்னு பாரு."

"உங்களை வரவிடக்கூடாதுன்னு பண்ணலைங்கம்மா" என்றார் தோன் அனிசெத்தோ. ஓடி வந்ததில் வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "எனக்கு அந்தத் தெரு தெரியலை. தெரியலைன்னு சொல்ல வாய் வரலை. முப்பது வருஷமா யார்கிட்டயும் வரலை. தப்புத்தான்."

நொயேலியா அவருக்கு முன்னால் வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்றுகூட நினைத்தேன். அவள் அந்த அம்மாளைப் பார்த்துப் பேசினாள்.

"தப்பு என்மேலயும் இருக்குங்க. எங்க தெருவை எல்லாரும் கழுதை இறக்கம்னுதான் சொல்லுவாங்க. அப்படிக் கேட்டிருந்தா அப்பாவே உங்களைத் தோள்ல தூக்கிட்டு வந்து விட்டிருப்பார். உங்ககிட்ட அந்தப் பேரைச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. அதான் காகிதத்துல இருக்கற பேரை எழுதினேன்."

"கழுதை இறக்கமா?" என்றார் தோன் எர்லான்.

"ஆமாங்க."

அவர் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், மடத்துப் புறாக்கள் எல்லாம் எழும்பிவிட்டன. "எங்க தெருவுக்கு என்ன பேர்னு இவன் உன்கிட்ட சொன்னானாம்மா?"

ரூடி வானத்தைப் பார்த்தான்.

"தவளைக் குட்டை! ஜனவரி மழையில வந்து பாரு, பேரு சரிதான்னு நீயே சொல்லுவ."

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். தோன்யா மிர்தா மட்டும் சிரிக்கவில்லை. தரையில் கிடந்த குதியில்லாத செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, தோன் அனிசெத்தோவைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். இப்போது அவள் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்கதான் கேட்டதுக்கெல்லாம் பதில் வச்சிருக்கீங்களே. இதுக்கு ஒண்ணு சொல்லுங்க. எனக்கு இருக்கறது ஒரே பையன். அவனை இந்த மலையில விட்டுட்டு நான் விமானம் ஏறணும். இங்க அவன் சந்தோஷமா இருப்பானா?"

செனோபியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருப்பான் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எந்த அப்பனும் சொல்லியிருப்பான். நானாக இருந்தால் சத்தியமே செய்திருப்பேன். தோன் அனிசெத்தோ தொப்பியைச் சரி செய்யக் கையைத் தூக்கினார், தொப்பி வீட்டில் இருந்தது. நொயேலியாவைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரியாதுங்கம்மா" என்றார்.

ரூடியின் முகம் தொங்கிவிட்டது. அவர் நிறுத்தவில்லை.

"இருப்பான்னு சொல்றதுக்கு வாய் துடிக்குது. உங்க முகத்தைப் பாத்தா சொல்லிடலாம்னுதான் இருக்கு. ஆனா எனக்குத் தெரியாது. எனக்கும் இவ ஒருத்திதான். இவ சந்தோஷமா இருப்பாளான்னும் எனக்குத் தெரியாது. ரெண்டு மாசமா படுத்தா தூக்கம் வரலை. யார்கிட்ட போய் கேக்கறதுன்னும் தெரியலை."

தோன்யா மிர்தாவின் உதடு இரண்டு தடவை கோணியது. மடக்கின விசிறியை மடியில் போட்டுவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நானும்தான் தூங்கலை" என்றாள்.

பிறகு பச்சைப் பட்டை ஒரு கையால் இழுத்துக்கொண்டு பெஞ்சில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே. உக்காருங்க, சம்பந்தி."